கடைவாய்ப் பல்

குல்சும் கெஞ்சிக் கேட்டதால் பாம்பனில் அவள் வீட்டுக்கே வந்திருந்த பல் டாக்டர் வளர்மதி, மருமகள் லாமியாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்புவரை இறங்கியிருந்தது.

"இனிப்பு ரொம்பச் சாப்பிடுவியாம்மா?"

குல்சும் முந்திக்கொண்டாள். "துபாய்ல இருந்து யாரு வந்தாலும் எம்மவன் இவளுக்குச் சாக்லேட்டு குடுத்துவிடுவான். கல்யாணம் முடிஞ்ச மாசமே போனவன், மௌத்தாகி அங்கனயே அடக்கமும் ஆயிட்டான். இந்தப் புள்ளைக்கு அழுத கண்ணு காயல. அவன் மேல அம்புட்டுப் பிரியம்!"

"நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க. ரூட் கேனால் பண்ணிட்டா வலி போயிரும்."

"புருஷன் மௌத்தாகி இந்த நாலு மாசம் பத்து நாள் இத்தாவுல இருக்கும்போது வாசப்படி தாண்ட மாட்டேன்னு அடம்புடிக்கிறா. வைத்தியத்துக்குப் போகலாம்னு பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லிட்டாரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

குல்சும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

வளர்மதி குரலைத் தாழ்த்தினாள். "இப்படியே விட்டா நரம்பு செத்துரும்மா. வலி தானா நின்னு, உள்ளுக்குள்ள சீழ் வைக்கும்."

லாமியா திடுக்கிட்டாள். "வலி நின்னுருமா டாக்டர்? இத்தா முடியிற வரைக்கும் இருக்காதா?"

"இது என்ன கேள்வி?"

லாமியா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவுக மொகமே எனக்குச் சரியா ஞாபகத்துல இல்ல டாக்டர். மௌத்துச் செய்தி வந்தப்ப எனக்கு அழுகையே வரல. எல்லாரும் என் கண்ணையே பாத்தாக. நல்லவேளையா இந்தப் பல்லு வலிக்க ஆரம்பிச்சுச்சு. இதுவும் நின்னுட்டா, மாமி முன்னால நான் எப்புடி அழுவேன்?"