ரத்தத்தின் சுவை

மனித ரத்தத்தின் சுவையைப் பற்றி அஞ்சலை என்ற பெண் கொசு, அடிபட்டு ஒரு காலையும் இழந்து, ஆய்வுக் கட்டுரை எழுதியது.

இதழாசிரியரான நத்தை, "நல்லாத்தான் இருக்கும்மா. முதல்ல ஒரு ஆண் பேரு இருந்தா எடுப்பா இருக்கும்" என்றது.

"ஆண் கொசுங்க கடிக்கிறதே இல்லையே, ஐயா. பூந்தேன்தானே குடிக்கிறாங்க?"

"அதனாலதான் அவங்க நடுநிலையா எழுதுவாங்க."

வேறு வழியில்லாமல், பக்கத்துக் குட்டையில் இருந்த சிங்காரம் என்ற ஆண் கொசுவின் பெயரை அஞ்சலை முதலில் போட்டது. கட்டுரை வெளியானதும் மாநாட்டுக்குச் சிங்காரத்தை மட்டும் அழைத்தார்கள்.

"ரத்தம் எப்படி இருக்கும்?" என்று ஒரு வண்டு கேட்டது.

சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லேசா மல்லிகைப்பூ வாசம் அடிக்கும்" என்றது.

அடுத்த இதழில் நத்தை ஒரு திருத்தம் வெளியிட்டது: "ரத்தம் உப்புக் கரிக்கும் என்று கட்டுரையில் வந்தது தவறு. அந்தப் பிழைக்கு அஞ்சலை மட்டுமே பொறுப்பு."