தள்ளி உட்கார்ந்து தின்ற கடலை

பரீத் கழுத்தைச் சொறிய ஆரம்பித்ததும் ஃபர்ஹாவுக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த மனுஷன் திருந்தவே மாட்டார்.

ஃபர்ஹாவுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு வாய்க்குள் போனால் போதும், உதடு வீங்கி, தொண்டை அடைத்து, உயிர் போய் உயிர் வரும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதவர்தான் பரீத். பயம் தெளிந்ததும் அதையே நடித்துக் காட்டி அவளைச் சீண்டப் பழகிக்கொண்டார்.

அவருக்கோ கடலை என்றால் உயிர். அதனால் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வந்தால், கடலைப் பொட்டலத்தோடு அவர் தள்ளிப் போய் உட்கார வேண்டும். கை கழுவி, வாய் கொப்பளித்த பிறகுதான் பக்கத்தில் வரலாம்.

டெங்குவில் கிடந்து, பிளேட்லெட் ஏற்றி, போன வாரம்தான் பிழைத்து வீடு வந்திருந்தார். முதலில் கேட்டதே வறுத்த கடலைதான். மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது குளத்துச் சுவரில் தள்ளி உட்கார்ந்து கழுத்தைச் சொறிகிறார். உதட்டைத் தடவுகிறார். நெஞ்சைப் பிடிக்கிறார். அசல் அவளேதான்.

"போதும் விடுங்க, எம்புட்டு நாளைக்குத்தான் இதையே செஞ்சு காட்டுவீங்க!" என்று சத்தம் போட்டாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கேலி செய்யும்போது பரீத் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சிரிக்கிறாளா, முறைக்கிறாளா என்று தெரிய வேண்டுமே.

இன்று அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

ஓடினாள். அவர் உதடு தடித்துத் தொங்கியது, மூச்சு விசிலடித்தது. கடலைத் துணுக்கு ஒட்டிய அந்தக் கையைத் தொட்டால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே பிடித்தாள். தனக்கென்று கைப்பையில் வைத்திருந்த அட்ரினலின் ஊசியை, இருந்த ஒரே ஊசியை, பேண்ட்டோடு சேர்த்து அவர் தொடையில் இறக்கினாள். யா அல்லாஹ் என்று அலறிக்கொண்டே சாலைக்கு ஓடி ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு சீரானது. கழுவிய கையில் தடிப்பு எழும்பி அரித்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கடலை தின்ற உடம்பு ஒரே வாரத்தில் எப்படி மாறும் என்று டாக்டரைக் கேட்டாள்.

அவர் விளக்கிச் சொன்னார். அலர்ஜி என்பது ரத்தத்தில் திரியும் ஆன்டிபாடிகளின் வேலை. அவை சில செல்களின் மேல் காவலுக்கு உட்கார்ந்திருக்கும். ஆகாத பொருள் வந்ததும் உசுப்பிவிடும், அந்தச் செல்கள் உள்ளே வைத்திருப்பதையெல்லாம் கொட்டிவிடும். மிக அபூர்வமாக, ஏற்றிய ரத்தத்தோடு இன்னொருவரின் ஆன்டிபாடிகளும் வந்து குடியேறிவிடுமாம். சில வாரங்களில் தானாகப் போய்விடுமாம்.

"பிளேட்லெட் குடுத்தது யாரும்மா?"

ஃபர்ஹா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக் காட்டினாள். போன வாரம் ஊசி ஏறிய இடத்தில் நீலம் இன்னும் மறையவில்லை. அவரைக் காப்பாற்ற, முதல் ஆளாக நீட்டிய கை அது.

கட்டிலில் பரீத் மெல்லக் கழுத்தைச் சொறியும் சத்தம் கேட்டது.

அவர் தன்னைப் பார்க்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.