வெள்ளைப் பன்றியின் ஏழு குட்டிகள்

"நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

பண்ணை மேற்பார்வையாளர் கனகசபை இதைச் சொன்னபோது, அவர் மனைவி இரத்தினேஸ்வரி அப்போதுதான் காய்ச்சிய தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றிருந்தாள்.

தங்கரத்தினம் வாளியைக் கீழே வைத்தாள். பண்ணையில் அவளுக்கு இது பதினோராவது வருஷம். வீட்டில் உழைக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"நான் என்ன பிழை செய்தனான் ஐயா?"

"சீமைப் பண்டியின்ர குட்டியளைக் கொண்டுபோய்க் கறுத்த நாட்டுப் பண்டியிட்ட விட்டது ஆர்?"

"நான்தான். தாய் சடாரெண்டு விழுந்து படுக்குது ஐயா. குட்டி கத்தினாலும் எழும்பாது. ரெண்டு நாளில நாலு நசுங்கிச் செத்துப் போச்சு."

"அது சாதிப் பண்டி. அப்பிடித்தான் படுக்கும்."

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு இறைச்சி அனுப்புகிற பண்ணை அது. கடல் கடந்து வந்த வெள்ளைப் பன்றி என்றால் கனகசபைக்கு அப்படியொரு மரியாதை. நாலு குட்டியைக் கொன்ற பன்றியிடம் அவர் ஒரு குற்றமும் காணவில்லை.

"நாட்டுப் பண்டி அப்பிடியில்லை ஐயா. வைக்கோலைக் கூட்டி, முழங்காலில இருந்து, மூக்கால குட்டியளை விலத்திப்போட்டுத்தான் படுக்கும். அதுக்கு அஞ்சு குட்டிதான், முலை பன்னிரண்டு. சீமைப் பண்டியின்ர மிச்ச ஏழு குட்டியும் அதால தப்பிச்சுது."

"பிறத்திக் குட்டியெண்டு அதுக்குத் தெரியாதோ?"

"மணத்திலதான் ஐயா கண்டுபிடிக்கும். அது படுத்த வைக்கோலால ஏழையும் துடைச்சுப்போட்டு விட்டனான். பேசாமல் பால் குடுத்துது."

"கள்ளப் புத்தி. சாதிக் குட்டியெண்டு கொழும்புக்கு அனுப்ப இருந்த குட்டியள். இனி எந்த முகத்தோட அனுப்புறது? குடிச்ச பாலின்ர குணம் வராமல் போகுமோ?"

கோப்பையை நீட்ட வந்த இரத்தினேஸ்வரி ஓரடி பின்வாங்கினாள்.

தங்கரத்தினம் அவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்களாவது ஒருக்காச் சொல்லுங்கோ."

ஒரு சொல் போதும். இரத்தினேஸ்வரி சொன்னால் கனகசபை தட்டமாட்டார். அது அந்த முற்றத்தில் நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

"எனக்கு உந்தப் பண்டிக் கதையள் ஒண்டும் தெரியாது," என்றாள் இரத்தினேஸ்வரி.

அந்நேரம் பார்த்து நாலு வயது வதனி உள்ளேயிருந்து ஓடிவந்து தங்கரத்தினத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். எத்தனை தரம் அடித்தாலும் இந்தப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் போகாது.

"விடு பிள்ளை, பண்டி மணம்," என்று கனகசபை மகளைப் பிடுங்கித் தூக்கினார். "இஞ்ச பார், இது என்ர பிள்ளை. புயலடிக்கேக்க நான் கொழும்பில மாட்டுப்பட்டு நிண்டனான். அப்பவும் இவளின்ர தாய் ஒரு சொட்டுப் பால்மாகூடக் கரைச்சுக் குடுக்காமல், தன்ர பாலிலயே வளர்த்தவ. நல்ல பால், நல்ல குணம். உனக்கு உது எங்க விளங்கப் போகுது?"

தங்கரத்தினம் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"விளங்குது ஐயா," என்றாள்.

கனகசபை மகளோடு உள்ளே போனதும், தங்கரத்தினம் வாளியைக் கழுவி வழக்கமான இடத்தில் கவிழ்த்து வைத்தாள். போகிற வழியில் குசினி வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

இரத்தினேஸ்வரி கேற் சாத்தப்படுகிற சத்தம் கேட்கும்வரை கோப்பையைப் பிடித்தபடியே நின்றாள்.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் ரோட்டும் றெயிலும் அறுந்து, கடைகளில் பால்மா ஒரு ரின்கூட இல்லாமல் கிடந்தபோது, காய்ச்சலில் விழுந்த இரத்தினேஸ்வரிக்குப் பால் வற்றிப்போனது. பன்னிரண்டு நாள் தங்கரத்தினம் ஒரு பக்கம் தன் பிள்ளைக்கும் மறுபக்கம் வதனிக்கும் பால் கொடுத்தாள். முதல் நாள் வதனி வேற்று மணம் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டு அழுதபோது, தான் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்துத் தங்கரத்தினத்துக்குச் சுற்றிவிட்டவள் இரத்தினேஸ்வரிதான்.