அச்சில் பதிந்த கட்டைவிரல்

பழைய ஜீப்புக்கான ஃபைபர் மட்கார்டு அச்சிலிருந்து கழன்று வருகிறது. கொழுந்தன் மர ஆப்பைத் தட்டத் தட்ட விளிம்பு முனகுகிறது. கடைசி இழுப்பில் பெருமூச்சு விட்டதுபோல் மொத்தமாக விட்டுக்கொடுக்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது, ரெசின் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய மெழுகை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்து, வளைவின் ஓரத்தில் நிற்கிறாள். அங்கே ஒரு கட்டைவிரல் ரேகை புடைத்திருக்கிறது. முன்பு அச்சின் மூலை உடைந்தபோது அவள் புருஷன் பட்டிப் பசை வைத்து அடைத்து விரலால் அழுத்திய இடம். ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தக் குழி மட்டும் ஒவ்வொரு மட்கார்டிலும் விரலாக எழுந்து வருகிறது. பெயிண்டுக்கு முன்னால் அவள்தான் உப்புத்தாளால் தேய்த்து அழிக்க வேண்டும். “அச்சுலயே அடைச்சிடட்டுமா அண்ணி? எத்தனை தடவைதான் இதையே தேய்ப்பீங்க?” என்கிறான் கொழுந்தன். அவள் ரேகைமேல் தன் விரலை வைக்கிறாள். “சுடுது தம்பி.” “ரெசின் இறுகுறப்ப சுடத்தானே செய்யும். உங்களுக்குத் தெரியாததா?” “தெரியும்.” உப்புத்தாள் இடுப்பில் செருகியபடியே இருக்கிறது. அவள் விரலை எடுக்கவில்லை. “ஆறுற வரைக்கும் இருக்கட்டும்.”