போன செவ்வாய் கொட்டிய உச்சு

மருத்துவர் பூனையின் கழுத்தடியில் கையை வைத்துக்கொண்டு, இன்றைக்குச் செய்துவிடுவோமா என்று கேட்டார்.

செலஸ்ரீனா உச்சுக் கொட்டினாள்.

நாக்கு தானாக மேலே ஒட்டி எழும்பிய சத்தம். மேசையில் கிடந்த நீனோ காதைக்கூட அசைக்கவில்லை. ஒரு காலத்தில் ஐந்து கிலோ இருந்த பூனை. கோப்பையில் தண்ணீர் வைத்தால் திரும்பியும் பாராது. குளியலறைக் குழாயில்தான் குடிப்பேன் என்று, யாராவது வந்து திறந்துவிடும்வரை கத்தும். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. நேற்று முழுக்க அந்தக் கோப்பைக்கு முன்னாலேயே குந்தியிருந்தது. ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

மருத்துவர் கையை எடுத்துவிட்டு, பூனையை வலியில்லாமல் போகவைக்கும் ஊசி இருந்த தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவர் இத்தாலியில், இந்தப் பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த பொடியன். இந்த ஊரில் தலையைப் பின்னால் சாய்த்து, நாடியை நிமிர்த்தி உச்சுக் கொட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். நாடி நிமிராவிட்டாலும் சத்தமே போதும். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வெறுங்கூடையோடு பின்னால் நின்ற கிளறா பதறிப்போனாள். அவளும் செலஸ்ரீனாவும் ஒரே கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். உள்ளே வருமுன் வாசலில் வைத்தே கிளறா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, போனமுறை மாதிரி அங்கை போய் உச்சுக் கொட்டாதையுங்கோ. வாயைத் திறந்து 'சி' எண்டு சொல்லுங்கோ. பாவம், அந்தச் சீவன்."

'சி' என்றால் 'ஆமாம்', இந்த ஊர் ஓம். அதைச் சொல்வதில் அப்படி என்ன கஷ்டம் என்று கிளறாவுக்கு விளங்காமல் இல்லை.

நீனோ செலஸ்ரீனாவின் பூனை அல்ல. லிபெர்த்தாத் தெருவில் அவள் பதினொரு வருடம் தங்கிநின்று பராமரித்த முதிய வீட்டுக்காரி, சிஞ்ஞோராவின் பூனை. சிஞ்ஞோரா பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை கண்ணை மூடினார். தோரினோவிலிருந்து வந்த மகள் நல்லவள். பூனை இருக்கும்வரை நீயும் இங்கேயே இரு, பிறகு வீட்டை விற்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செலஸ்ரீனாவின் பெர்மெசோவில், வதிவிட அனுமதியில், இருப்பதும் அந்த விலாசம்தான். ஐம்பத்தெட்டு வயதில், மடக்க முடியாத முழங்காலோடு, இனி யார் அவளுக்கு ஒரு வேலையும் அறையும் தரப்போகிறார்கள்? பூனை போனால் அவளும் பெட்டியைக் கட்ட வேண்டும்.

கிளறா மூச்சுவிடாமல் மருத்துவருக்கு விளக்கினாள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தம் 'இல்லை' அல்ல, பரிதாபம். பிள்ளை விழுந்தாலும் உச்சுக் கொட்டுவோம், செத்தவீட்டுக் கதை கேட்டாலும் கொட்டுவோம். போன செவ்வாயும் அக்கா அப்படித்தான் கொட்டினாள். நீங்கள் வேண்டாம் என்று நினைத்து, சேலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளே என்னிடம் சொன்னாள்.

மருத்துவரின் முகம் வெளுத்துவிட்டது. இந்த ஏழு நாளும் அந்த உடம்பு என்ன பட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். செலஸ்ரீனாவின் பக்கம் குனிந்து, பிழை என்னுடையது, இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

செலஸ்ரீனா நீனோவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முள்ளெலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது.

பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். கிளறா நம்பிவிட்டாள், மருத்துவரும் நம்பிவிட்டார்.

அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, இன்னும் மீன் போடவா, யன்னலைச் சாத்தவா என்று எதைக் கேட்டாலும் சிஞ்ஞோரா உச்சுக் கொட்டுவார். மனுசி தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார் என்று உருகிப்போய், செலஸ்ரீனா இன்னும் ஒரு துண்டு மீன் போட்டாள், யன்னலையும் சாத்தினாள். மூன்றாம் நாள் வேர்த்து வடிந்த சிஞ்ஞோரா சிரிப்பை அடக்கமாட்டாமல், அவளுடைய நாடியைப் பிடித்து நிமிர்த்தி அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

கடைசி வருடம் பாரிசவாதம் வந்து சிஞ்ஞோராவின் பேச்சு நின்றபோது மிஞ்சியது அந்தச் சத்தம் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோமா? உச்சு. மகளைக் கூப்பிடவா? உச்சு. ஒன்றைக்கூட செலஸ்ரீனா பிழையாக விளங்கியதில்லை.

இன்றைக்கு வந்தது பரிதாபம். அது தானாக வந்தது.

போன செவ்வாய் அவள் நாடியையும் நிமிர்த்தித்தான் கொட்டினாள்.

மருத்துவர் இன்னும் குனிந்தபடியே நின்றார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லை, டொத்தோரே," என்றாள் இத்தாலியனில். "போனமுறை நீங்கள் சரியாகத்தான் விளங்கினீர்கள்."

பின்னால் கிளறாவின் கையில் கூடை கிறீச்சிட்டது. செலஸ்ரீனா திரும்பிப் பார்க்கவில்லை. நீனோவின் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, தமிழில் ஓம் என்றாள்.

மருத்துவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை, அவருக்கு விளங்கும்படி சொல்லவேண்டியிருந்தது.