இசோராவின் பதில்

புது எபிசோடு முந்தின நாள் பிரான்சில் ஓடி முடிந்திருந்தது. முத்தியால்பேட்டை பிரவுசிங் சென்டரில், மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதைப் பார்த்தவர்கள் எழுதியதைத் துர்கா படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் எபிசோடைப் பார்க்க வழியில்லை. அந்த விண்கலத் தொடர் இங்கே எந்தச் சேனலிலும் வருவதில்லை. ரசிகர்கள் இணையத்தில் பிரெஞ்சில் போடும் சண்டையைப் படித்துத்தான் கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வாள்.

பல வருடம் நின்றுபோயிருந்த தொடர் இப்போது மறுபடி தொடங்கியிருந்தது. விட்டுப்போன பைலட் தாரோ கலத்துக்குத் திரும்பிவிட்டான். ஒருவர் எரிகல் மழையைப் புகழ்ந்திருந்தார். ஒருவர் புதுச் சீருடையைப் பார்த்தால் மீன் வெட்டுகிறவர் கட்டும் துணி மாதிரி இருக்கிறது என்று திட்டியிருந்தார். எஞ்சின் அறை இசோராவுக்கு மட்டும் வயதே ஆகவில்லை, அதே செம்பட்டை முடி என்று ஒரு பெண் பொறாமைப்பட்டிருந்தாள்.

செம்பட்டையா? துர்கா அந்தச் சொல்லை அகராதியில் புரட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் படித்திருந்தாள்.

அவள் பார்த்த இசோராவின் முடி சாம்பல் நிறம். பிரான்சில் பதிவு செய்த வீடியோ கேசட் நம் ஊர் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும்.

கேசட்டுகள் பக்கத்து வீட்டு ஃபாபிரிசுடையவை. மர்சே நகரில் இருந்த அவன் மாமா கஸ்தோன் பதிவு செய்து அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் போடுவார்கள். துர்காவுக்கு அப்போது ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. ஃபாபிரிஸ் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, எல்லோருடைய வசனத்தையும் தமிழில் சொல்வான். வேற்றுக்கிரக ராஜா மட்டும் தெருமுனை மளிகைக்கடைக்காரர் குரலில் பேசுவார். துர்கா சிரித்து முடிக்கும்வரை விண்கலம் அப்படியே வானத்தில் நிற்கும்.

கடைசியாகப் பார்த்த கேசட்டில் தாரோ வேறு கலத்துக்குப் புறப்படுகிறான். எஞ்சின் அறையில் இசோரா திரும்பி அவனைப் பார்க்கிறாள்.

"போவாதன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் இங்கயே இருந்துடுறேன்" என்று தாரோ சொல்வதாக ஃபாபிரிஸ் சொன்னான். சொல்லிவிட்டுப் படத்தை நிறுத்தினான்.

அந்தக் கேசட் அதற்கு மேல் ஓடவில்லை.

அவன் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; அடுத்த மாதம் அவன் அந்த நாட்டு ராணுவத்தில் சேரப் பிரான்சுக்குப் போனான். இப்போது லீவில் வந்தால் உறவுக்காரர்களுக்கெல்லாம் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்கிறான். துர்காவுக்குக் கை கொடுக்கிறான். இந்த ஆகஸ்டிலும் வருகிறானாம். அவன் அம்மா ழனெத் மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னார்.

மாலை வகுப்பில் பிரெஞ்சு படிப்பது வேலைக்காக என்றுதான் துர்கா வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

தாரோவும் இசோராவும் மறுபடி சந்தித்ததைப் பற்றி ஒரே ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். கை கொடுத்துக்கொண்டார்கள், எஞ்சினைப் பார்க்கப் போனார்கள்.

அவ்வளவுதானா?

துர்கா அங்கே இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. வாக்கியத்தை மனத்துக்குள் பிரித்து, கட்டி, மறுபடி பிரித்துக் கட்டித் தட்டினாள். அந்தக் கீபோர்டில் பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் போடும் கோடுகளுக்கு வழியில்லை. மொட்டையாகவே அனுப்பினாள்.

'ஒரு வார்த்தை சொன்னால் தங்கிவிடுவேன் என்றவன், யாரோ போலக் கை கொடுக்கிறான். எப்படி மறந்தான்?'

பதில்கள் மளமளவென்று வந்தன. எந்த எபிசோடு அது? எந்தத் தொடர்? தாரோ காதலித்தது எரிபொருளை மட்டும்தானே? ஒருவர் விட்டுப்போன கோடுகளையெல்லாம் போட்டு அவள் வாக்கியத்தையே அவளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"இன்னாமா துர்கா, கம்ப்யூட்டர்ல யாரு கூட சண்டை?" என்றார் சென்டர் வைத்திருக்கும் கோவிந்தராசு.

"நான் எங்கண்ணா போட்டேன். ஊரே சேந்து என்னைக் கிண்டல் பண்ணுது."

பிறகு பெரியவர் போலத் தெரிந்த ஒருவர், தொடரின் பழைய வசனங்களையெல்லாம் எழுதி வைத்திருப்பவர், அந்தக் காட்சியை முழுவதுமாக எடுத்துப் போட்டார்.

'மூன்றாவது வால்வு கசிகிறது. நான் போன பிறகு நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.'

தாரோ சொல்வது அவ்வளவுதான்.

தன் பிரெஞ்சில்தான் கோளாறு என்று துர்கா முதலில் நினைத்தாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடினாள். வால்வு வால்வாகவே இருந்தது. கசிவு கசிவாகவே இருந்தது.

பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். இசோராவின் வரிகள் வந்தன. இசோரா வால்வைப் பற்றிப் பேசுகிறாள், பழைய குழாயைப் பற்றிப் பேசுகிறாள், கேப்டனைத் திட்டுகிறாள். திரை நிறைய அவள் பேச்சுத்தான். மூச்சு விடாமல் பேசுகிறாள்.

துர்காவின் விரல் மௌசின் மேல் அப்படியே நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நிறுத்திய படத்தில், இசோராவின் வாய் பாதி திறந்திருந்தது. உள்ளே ழனெத் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது துர்கா மட்டும்தான்.

"அவ இன்னா சொல்றா?" என்று கேட்டாள்.

ஃபாபிரிஸ் ரிமோட்டை அழுத்தாமல் வைத்திருந்தான்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலை."