செவலையும் இருபது கைகளும்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் செவலை என்றொரு பசு இருந்தது. சினை பார்க்கப் பழகும் மாணவர்கள் இருபது பேரும் தினம் அதற்குள்தான் கைவிட்டுப் பார்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் கணினி அறைப் பூனை ஓடிவந்தது. "அக்கா, சங்கதி தெரியுமா? அறநெறி வகுப்பில் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. பெயர் போடாமல் இணையத்தில் எழுதுங்கள் என்றார் வாத்தியார். 'செவலைக்கு வலிக்காதா?' என்று யாரோ கேட்டுவிட்டார்கள். இரண்டு நாளாக அங்கே ஒரே சண்டை."

"சண்டை போட்டு என்ன கிழிக்கப்போகிறார்கள்" என்றது செவலை.

மறுநாள் மாணவர் வரிசையைக் கண்டதும் செவலை உடம்பை இறுக்கிக்கொண்டது. "இனி தினம் இரண்டு பேர்தான்" என்றார் வாத்தியார். மற்றவர்கள் பழகுவதற்கென்று புதிதாய் வந்த ரப்பர் பசுவிடம் போனார்கள். போகிறபோக்கில் ஒரு பெண் செவலையின் நெற்றியைத் தடவினாள்.

"எழுதியது யாரென்றுதான் தெரியவில்லை" என்றது பூனை.

செவலை தலையை நிமிர்த்தியது. "எனக்குத் தெரியும். இருபது கையில் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தது, நெற்றியைத் தடவிய இந்தக் கை ஒன்றுதான்."